மருத்துவ ஹெலிகாப்டர் விபத்து விசாரணை

பாரிஸ் அருகே, லே பூர்ஜேயில் பிரான்சின் விமான விபத்து விசாரணை அமைப்பு இயங்குகிறது. அதன் வேலை காரணம் தேடுவது, பழி சுமத்துவதல்ல. ‘விமானியின் பிழை’ என்று முடிப்பது பாதி விசாரணைதான். உதாரணமாக, 2025 மே 17 அன்று கேதார்நாத்தில் இறங்கிய ரிஷிகேஷ் எய்ம்ஸ் மருத்துவ ஹெலிகாப்டரின் வால் முறிந்தது. நல்லவேளையாக அதிலிருந்த மூவரும் பிழைத்தனர். கேதார்நாத் போல 3,500 மீட்டர் உயரத்தில் காற்று மெலிது, சுழலிகளின் வலுவும் குறையும். ஆகவே பறக்க அனுமதித்த முடிவையும் ஆராய வேண்டும். 2002–2005இல் அமெரிக்காவில் நடந்த 55 அவசர மருத்துவ வானூர்தி விபத்துகளில் 29ஐத் தவிர்த்திருக்கலாம் என்றது அந்நாட்டு விசாரணை வாரியம். புறப்படுமுன் ஆபத்தை மதிப்பிடாததையும் குறையாகச் சுட்டியது. தாமதித்தால் நோயாளி இறப்பாரே என்பார்கள். நியாயமான கவலைதான், ஆனால் விழுந்த ஹெலிகாப்டர் அவரிடம் போய்ச் சேராது. அதனால்தான் பல சேவைகளில் நோயாளியின் நிலையை விமானிக்குச் சொல்வதில்லை. வானிலை போன்ற பறத்தல் சார்ந்தவற்றை மட்டும் பார்த்து அவர் முடிவெடுக்கிறார்.