சத்தமில்லாத பந்தி

கதை எழுதுகிறவனுக்கு விருந்துக் காட்சி பெரிய சௌகரியம். நாலு பேரை இலைக்கு முன்னால் உட்கார வைத்துவிட்டால் பேச்சு தானாக வந்துவிடும். சாம்பாரில் உப்புப் போதவில்லை என்பதில் ஆரம்பித்துப் பங்காளிச் சண்டை வரையில் கொண்டுபோகலாம். வாய் மென்றுகொண்டும் இருக்கும், பேசிக்கொண்டும் இருக்கும். ஆனால் பந்தியில் உட்கார்ந்திருக்கும் யாருக்குமே காது கேட்காது, பேச்சு முழுவதும் கையில்தான் என்றால் என்ன செய்வது? கையிலிருப்பதைக் கீழே வைக்காமல் ஒரு வார்த்தை பேச முடியாது. எதிரே இருப்பவர் தம் தட்டைக் குனிந்து பார்த்துவிட்டால் நாம் சொன்னதில் பாதி போய்விடும். பக்கத்தில் இருப்பவரோடு பேசுவதைவிட மேஜையின் அந்தக் கோடியில் இருப்பவரோடு பேசுவது சுலபமாக இருக்கும்.

அப்படி ஒரு விருந்து 1834-ம் வருஷம் நவம்பர் 30-ந் தேதி மாலை ஐந்து மணிக்குப் பாரிஸ் நகரில், ஷாத்தலே சதுக்கத்து உணவு விடுதி ஒன்றில் நடந்தது. கூடியவர்கள் ஏறக்குறைய அறுபது பேர். அந்த வருஷத்துப் பிரான்ஸைப் பற்றிச் சரித்திரப் புத்தகங்களில் தேடினால் லியோன் நெசவாளர்களின் கிளர்ச்சியும், பாரிஸ் தெருவில் பட்டாளம் சுட்டதும், மந்திரிசபைகள் கவிழ்ந்ததும் இருக்கும். இந்த விருந்துக்கு ஒரு வரிகூடக் கிடைப்பது அபூர்வம். காது கேளாதவர்கள் தாங்களாகவே கூடி, தாங்களே அழைப்பு அனுப்பி, தாங்களே தலைமை வகித்து நடத்திய பொதுக்கூட்டங்களின் வரலாறு அநேகமாக இங்கேயிருந்துதான் தொடங்குகிறது.

விருந்து யாருக்காக? அபே தெ லெப்பே என்ற பாதிரியாரின் 122-வது பிறந்தநாளுக்காக. லெப்பே 1712-ல் வெர்ஸேயில் பிறந்து, பிரெஞ்சுப் புரட்சி வெடித்த 1789-ம் வருஷக் கடைசியில் காலமானவர். பாரிஸில் ஒரு வீட்டில் காது கேளாத சகோதரிகள் இருவரைத் தற்செயலாகக் கண்டார், அவர்களுக்குக் கல்வி புகட்ட முனைந்தார், அதிலிருந்து பள்ளிக்கூடம் பிறந்தது என்று சொல்வார்கள். அவர்தான் சைகை மொழியை உண்டாக்கினார் என்றும் சொல்வதுண்டு. இது சரியல்ல. பியேர் தெலோழ் என்ற ஒரு தொழிலாளி, புத்தகம் கட்டுவதும் சுவருக்குக் காகிதம் ஒட்டுவதும் அவர் ஜீவனம், சிறு வயதில் அம்மை வார்த்துக் காது போனவர், 1779-லேயே ஒரு புத்தகம் எழுதி அச்சிட்டார். பாரிஸில் தம்மைப் போன்றவர்கள் பாதிரியாரிடம் படிக்காமலேயே எல்லா விஷயங்களையும் கைகளால் பேசிக்கொள்கிறார்கள் என்று அதில் ஸ்பஷ்டமாகச் சொல்லியிருக்கிறார். லெப்பே செய்தது அந்தப் பாஷையைக் கண் திறந்து பார்த்ததும், கற்றுக்கொண்டதும்தான். அதோடு நிற்காமல், பிரெஞ்சு இலக்கணத்தின் ஒவ்வொரு விகுதிக்கும் ஒரு சைகை என்று தாமாகச் சிலவற்றைச் சேர்த்தார். அந்தச் சுமையைப் பிற்காலத்து ஆசிரியர்கள் இறக்கி வைத்துவிட்டார்கள்.

ஆகவே அவருக்குக் காட்டிய நன்றி கொஞ்சம் அதிகப்படிதானோ என்று எனக்கு முதலில் தோன்றிற்று. யோசித்துப் பார்த்தால் அவர் செய்த பெரிய காரியம் வேறு. குழந்தைகளை ஓரிடத்தில் சேர்த்தார். ‘ஊமை கண்ட கனவு’ என்று நம்மில் ஒரு வசனம் உண்டு, கண்டதைச் சொல்ல வழியில்லை என்ற பொருளில். ஒரு கிராமத்தில் ஒரே ஒரு காது கேளாத குழந்தை இருந்தால் அந்த வசனம் முக்கால்வாசி உண்மை. பசி, தண்ணீர், மாடு, அப்பா, அடி என்று வீட்டாரும் அதுவும் சேர்ந்து இருபது முப்பது ஜாடைகளை ஏற்படுத்திக்கொண்டிருப்பார்கள். அவ்வளவுதான் அதன் உலகம். அப்படிப்பட்ட குழந்தைகளைத் தெலோழைப் போன்றவர்கள் பேசுகிற ஊரில் ஒரே கூரையின் கீழ் விட்டால், சில மாதங்களில் கனவை மட்டுமல்ல, கனவைப் பற்றிய பொய்யையும் சேர்த்துச் சொல்ல ஆரம்பித்துவிடும்!

காது கேளாதவர்களில் மிகப் பெரும்பாலோர் காது கேட்கும் பெற்றோருக்குப் பிறந்தவர்கள். இந்த ஒரு விஷயத்தை நினைவில் வைக்காவிட்டால் அந்தப் பந்தியே புரியாது. தாய்மொழி என்று நாம் எவ்வளவு சகஜமாகச் சொல்கிறோம்! இவர்களுக்கு மொழி தாயிடமிருந்து வருவதில்லை. பள்ளித் தோழனிடமிருந்து, வயதில் மூத்த மாணவனிடமிருந்து, தன்னைப் போன்ற ஓர் ஆசிரியரிடமிருந்து வருகிறது. சொந்தத் தகப்பனார் விருந்துக்கு அழைத்தால் மூலையில் உட்கார்ந்து அசையும் உதடுகளைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். எல்லோரும் சிரித்து முடித்த பிறகு, “ஒன்றுமில்லை, அப்புறம் சொல்கிறேன்” என்று யாராவது ஜாடை காட்டுவார்கள். அப்புறம் சொல்வதே இல்லை. இத்தகையவர்கள் வருஷத்துக்கு ஒரு நாள் கூடி, தங்களை ஓரிடத்தில் சேர்த்த ஒரு மனிதரின் பிறந்தநாளைக் கொண்டாடினார்கள். நம் ஊர்க் குருபூஜையைப் போலத்தான்.

விருந்தின் சூத்திரதாரி பெர்டினான் பெர்த்தியே. 1803-ல் லுவான் என்ற ஊரில் பிறந்தவர். எட்டு வயதில் பாரிஸ் பள்ளிக்கு வந்து, அங்கேயே படித்து, அங்கேயே ஆசிரியரானவர். நல்ல பிரெஞ்சு எழுதுவார். கௌரவம், பிடிவாதம் இரண்டும் உள்ள மனிதர். லெனுவார், போரெஸ்தியே என்று காது கேளாத சகாக்கள் இருவர் அவருக்குத் துணை. இவர்கள் 1834-ல் ஏன் திடீரென்று விருந்து வைக்கக் கிளம்பினார்கள்? 1831-ல் பள்ளிக்குப் புதிய தலைவராக வந்த ஓர்தினேர் என்பவர், வகுப்பில் வாய்ப்பேச்சைப் புகுத்த வேண்டும் என்று முனைந்தார். வாய்ப்பேச்சு கற்பிப்பது என்றால் குழந்தையின் கையை எடுத்து ஆசிரியரின் தொண்டையில் வைத்து அதிர்வை உணரச் செய்து, கண்ணாடியில் நாக்கைப் பார்க்கச் சொல்லி, ஓர் எழுத்துக்கு மணிக்கணக்கில் பாடுபடுவது. சிறிது செவிப்புலன் மிஞ்சியவர்களுக்கும், பேசக் கற்ற பிறகு செவிடானவர்களுக்கும் அதில் பலன் உண்டு. அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த நேரத்தில் சரித்திரமும் கணக்கும் படித்திருக்கலாமே என்பது ஒரு கேள்வி. இன்னொன்றும் உண்டு. வாய்ப்பேச்சுதான் கல்வி என்று ஆகிவிட்டால் காது கேளாத ஆசிரியருக்கு அங்கே என்ன வேலை? பெர்த்தியேக்கு இது வெட்டவெளிச்சமாகத் தெரிந்திருக்க வேண்டும்.

சட்டமும் குறுக்கே நின்றது. நெப்போலியன் காலத்துத் தண்டனைச் சட்டத்தின் 291-ம் பிரிவுப்படி இருபது பேருக்கு மேல் சேர்ந்த எந்தச் சங்கமும் சர்க்கார் அனுமதி பெற வேண்டும். இருபது இருபது பேராகப் பிரிந்து நடத்தித் தப்பித்துக்கொண்டிருந்தார்கள் சாமர்த்தியசாலிகள். 1834 ஏப்ரலில் அந்த ஓட்டையையும் புதுச் சட்டம் அடைத்துவிட்டது. ஆனால் கூடிச் சாப்பிடுவதை என்ன சொல்லித் தடுப்பது? அந்தக் காலத்துப் பிரான்ஸில் அரசியல்வாதிகளே விருந்து என்ற பெயரில் கூட்டம் நடத்தினார்கள். 1848-ல் லூயி பிலிப் மன்னர் முடியிழந்ததும் அப்படி ஒரு விருந்தைத் தடுத்ததில் ஆரம்பித்த கலவரத்தில்தான். பெர்த்தியே சட்டத்தைக் கணக்குப் பார்த்துத்தான் விருந்து வைத்தார் என்று நான் அடித்துச் சொல்ல வரவில்லை. நாலு வருஷம் கழித்து, 1838-ல், அவரே காது கேளாதோரின் மத்தியச் சங்கத்தை முறையாக ஆரம்பித்தார். பந்தி முந்தி, சங்கம் பிந்தி.

அன்று மாலை வந்தவர்களில் ஆசிரியர்கள் இருந்தார்கள். சித்திரக்காரர்கள், செதுக்கு வேலைக்காரர்கள், அச்சுக்கூடத் தொழிலாளர்கள், குமாஸ்தாக்கள், சாதாரணக் கூலிவேலை செய்கிறவர்களும் இருந்தார்கள். வெளியில் இவர்கள் ஒரே மேஜையில் உட்கார்ந்திருக்க முடியாது. காது கேட்கும் விருந்தாளிகள் இரண்டொருவர்தான். அவர்களுக்கு இன்னொருவர் பெயர்த்துச் சொல்ல வேண்டியிருந்தது. ஊரெல்லாம் இவர்களைக் குறைப்பட்டவர்கள் என்று இரங்கிக்கொண்டிருக்க, அந்த அறைக்குள் மட்டும் குறைப்பட்டவர்கள் அந்த இரண்டொருவர்.

நவம்பர்க் கடைசியில் பாரிஸில் ஐந்து மணிக்கே இருட்டிவிடும். மின்சாரம் கிடையாது. விளக்கு அணைந்தால் நமக்கு முகம்தான் மறையும், இவர்களுக்குப் பேச்சே நின்றுபோகும். சொற்பொழிவாளர் எல்லோருக்கும் தெரியும்படி நிற்க வேண்டும். லெப்பேயின் பெயரால் கிண்ணத்தை உயர்த்துகிறபோது ஒரு கை கிண்ணத்தில் சிக்கிக்கொள்ளுமே, மீதிப் பேச்சை எந்தக் கையால் பேசினார்கள் என்று இதைப் படித்த நாளாக எனக்கு ஒரு சபலம். பேசியதெல்லாம் பிரெஞ்சில் எழுதப்பட்டு 1842-ல் ஒரு தொகுப்பாக அச்சாயிற்று. சங்கத்தாரின் முன்யோசனையைப் பாராட்ட வேண்டும். என்றாலும் அதில் இருப்பது பிரெஞ்சு வார்த்தைகள். அன்று காற்றில் எழுதிய கைகள் என்ன எழுதின என்பது போய்விட்டது. நாட்டியக் கலைஞரின் அபிநயத்தை வார்த்தையால் வர்ணித்து வைத்த மாதிரிதான். சைகைச் சொற்பொழிவு அசைந்த வடிவிலேயே நிலைத்து நிற்க சினிமா வர வேண்டியிருந்தது. அமெரிக்காவில் ஜார்ஜ் வெடிட்ஸ் என்ற காது கேளாத தலைவர் 1913-ல் சைகை மொழியைக் காப்பாற்றச் சொல்லிப் படக்கருவி முன் நின்று பேசிய படம் இன்றும் இருக்கிறது.

ஒரு குறை சொல்லாமலிருக்க முடியவில்லை. இவ்வளவு சமத்துவம் பேசிய பந்தியில் பெண்கள் கிடையாது. பள்ளியில் காது கேளாத பெண்களும் படித்தார்கள், வளர்ந்தார்கள், மணந்தார்கள். ஆனால் பந்தியில் அவர்களுக்கு இடம் கிடைக்க ஏறக்குறைய அரை நூற்றாண்டு ஆயிற்று. மனைவியை வீட்டில் விட்டுவிட்டு வந்து சகோதரத்துவத்தைப் பற்றிப் பேசுவதில் காது கேட்பவர்களுக்கும் கேளாதவர்களுக்கும் வித்தியாசமில்லை போலும்.

வருஷந்தோறும் விருந்து நடந்தது. வெளிநாடுகளிலிருந்தும் விருந்தாளிகள் வந்தார்கள். பத்திரிகைக்காரர்கள் வேடிக்கை பார்க்க வந்து ஆச்சரியத்தோடு எழுதினார்கள். பெர்த்தியே 1848-ல் சட்டசபைக்குக்கூட நின்று தோற்றார். மறு வருஷம் சர்க்காரின் லெஜியன் ஆஃப் ஹானர் விருது அவருக்குக் கிடைத்தது. பாரிஸ் பள்ளியில் படித்து ஆசிரியராக இருந்த லொரான் க்ளேர், தாமஸ் காலடெட் என்ற அமெரிக்கருடன் 1816-லேயே கப்பலேறியிருந்தார். 1817-ல் ஹார்ட்போர்டு நகரில் அவர்கள் ஆரம்பித்த பள்ளிக்கு, 1850 செப்டம்பர் 26-ந் தேதி பழைய மாணவர்கள் பல மாநிலங்களிலிருந்து திரும்பி வந்தார்கள். படித்துக்கொண்டிருந்தவர்களோடு சேர்த்துச் சுமார் நானூறு பேர். இரண்டு ஆசிரியர்களுக்கும் வெள்ளிக் கூஜாவும் தட்டும் பரிசாகக் கொடுத்தார்கள். மறு வருஷமே காலடெட் காலமானார்.

பெர்த்தியே பயந்தது அவர் கண்ணெதிரே நடந்தது. 1880 செப்டம்பரில் மிலான் நகரில் காது கேளாதோர் கல்வி பற்றி மகாநாடு ஒன்று கூடிற்று. பிரதிநிதிகள் 164 பேர். அவர்களில் காது கேளாதவர் ஒரே ஒருவர். வாய்ப்பேச்சு முறையே உயர்ந்தது என்று 160 பேர் கை தூக்கினார்கள், நாலு பேர் மறுத்தார்கள். ஒட்டு எடுத்ததும் கையால்தான் என்பதை அவர்கள் கவனித்திருக்க மாட்டார்கள். பாரிஸ் பள்ளியில் புதிதாகச் சேர்ந்த குழந்தைகளைப் பழைய குழந்தைகளோடு பழக விடாமல் பிரித்து வைத்தார்கள், சைகை ஒட்டிக்கொள்ளும் என்று. ஐரோப்பாவில் காது கேளாத ஆசிரியர்கள் ஒவ்வொருவராக வேலை இழந்தார்கள். பெர்த்தியே 1886-ல் இறந்தபோது அவர் படித்துப் பாடம் சொன்ன அந்தப் பள்ளியிலேயே அவருடைய பாஷைக்கு இடமில்லை. ஆனால் விருந்துகள் நிற்கவில்லை. பகலில் வகுப்பில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த பையன், பெரியவனானதும் சங்கத்தைத் தேடிக்கொண்டு போனான். 1889-ல், லெப்பே மறைந்த நூறாவது வருஷத்தில், பல தேசத்துக் காது கேளாதவர்களும் பாரிஸில் மகாநாடு கூட்டினார்கள். 1924-ல் அதே பாரிஸில் ஒன்பது தேசத்து விளையாட்டுக்காரர்கள் கூடித் தங்களுக்கென்று ஓர் ஒலிம்பிக்கே நடத்தினார்கள். மிலான் தீர்மானத்துக்காக வருந்துகிறோம் என்று அதே மகாநாட்டின் வாரிசுகள் சொன்னது 2010-ல், வான்கூவரில்.

இந்தப் பந்திகளிலும் உட்கார முடியாத ஒருவர் உண்டு. கண்ணும் தெரியாமல் காதும் கேளாமல் இருப்பவர். எத்தனை விளக்கு ஏற்றினாலும் அவருக்கு என்ன? பிரான்ஸில் பொய்தியே நகருக்கு அருகே லார்னே என்ற இடத்தில் கன்னிகாஸ்திரீகள் காது கேளாத பெண்களுக்குப் பள்ளி நடத்தினார்கள். 1895-ல் மாரி எர்த்தேன் என்ற பத்து வயதுப் பெண்ணை அங்கே கொண்டுவந்து விட்டார்கள். பீப்பாய் கட்டும் தொழிலாளியின் மகள். பிறவியிலேயே பார்வையும் செவியும் இல்லை. தொட்டவரைக் கடித்தாள், புரண்டு கத்தினாள். அவள் வீட்டிலிருந்து கொண்டுவந்த ஒரு சின்னக் கத்தியிடம் அவளுக்குப் பிரியம். ஸந்த் மார்கெரீத் என்ற கன்னிகாஸ்திரீ அந்தக் கத்தியை வாங்கிக்கொண்டு, அவள் கையிலேயே கத்திக்கு உரிய சைகையைச் செய்து காட்டினார். திரும்பத் திரும்பச் செய்தார். ஒரு தடவை மாரியே அந்தச் சைகையைச் செய்தாள். கத்தி உடனே அவள் கைக்கு வந்தது. அதன் பிறகு ரொட்டி, முட்டை, எழுத்து, படிப்பு எல்லாம் வந்தன.

இதில் ஆசிரியையின் பொறுமையை எல்லோரும் புகழ்கிறார்கள். புகழ வேண்டியதுதான். நான் கவனிப்பது அந்த வீட்டை. கையால் பேசுகிறவர்கள் நிறைந்த வீடு அது. ஒருத்தி கையை இன்னொருத்தி பிடித்துக்கொண்டால் போதும், பேசலாம். பெற்ற வீட்டில் அன்பு இருந்திருக்கும், அந்தப் பேச்சு இல்லை. மாரியின் தங்கை மார்த்தும் அதே நிலையில் பிறந்தவள். 1910-ல் அவளும் லார்னேக்கு வந்து சேர்ந்தாள். மாரி 1921-ல் இறக்கிற வரையில் அக்காவும் தங்கையும் ஒரே கூரையின் கீழ் இருந்தார்கள்.

தொட்டுப் பேசுகிறவர்களின் கூட்டம் நடத்துவது சாமான்யமல்ல. மேடையில் ஒருவர் பேசினால் அறுபது பேருக்கு அறுபது ஜோடிக் கைகள் அதை வாங்கிக் கொடுக்க வேண்டும். பந்தியில் அவர் சாப்பிடுகிற நேரம் முழுவதும் அவருக்குப் பேச்சு நின்றிருக்கும். அப்படியும் அவர்கள் கூடாமல் இல்லை. 2001-ல் நியூஸிலாந்தின் ஆக்லாந்து நகரில் பல தேசங்களிலிருந்தும் வந்து கூடித் தங்களுக்கென்று ஓர் உலகச் சம்மேளனத்தை அமைத்துக்கொண்டார்கள்.