வெள்ளிக்கிழமை

வாரத்தின் ஆறாம் நாள். ‘வெள்ளி’ என்பது வெண்ணிற ஒளியால் பெயர் பெற்ற கோள். ‘கிழமை’ என்றால் உரிமை. எனவே வெள்ளிக்கு உரிய நாள். அந்தக் கோள் தெற்கே விலகினால் மழை பொய்க்கும் என்ற நம்பிக்கை சங்கப் பாடல்களிலேயே உண்டு. ஏழு நாள் வாரம் பிற்பாடு வந்து சேர்ந்தது. கோள்களின் பெயரை நாள்களுக்கு இடும் வழக்கம் கிரேக்க, உரோமச் சோதிடத்தின் வழியே இந்தியாவுக்கு வந்தது. வெள்ளிக்கிழமையைக் குறிக்கும் சிங்களச் ‘சிகுராதா’வும் அக்கோளின் வடமொழிப் பெயரான சுக்கிரனிலிருந்து வந்ததே.

அறபுப் பெயரில் கோளே இல்லை. ‘ஜும்ஆ’ என்பது ஒன்றுகூடுதல். இஸ்லாத்துக்கு முன் அந்நாள் ‘அரூபா’ எனப்பட்டது. குர்ஆனின் 62ஆம் அத்தியாயத்துக்கும் ஜும்ஆ என்றே பெயர்.

இலங்கையின் கிழக்கிலுள்ள நற்பிட்டிமுனையில் முஸ்லிம்களும் தமிழரும் அயலவர்கள். வெள்ளி நண்பகலில் பள்ளிவாசலில் குத்பா எனும் பேருரை. மாலையில் கோயிலில் பூசை. பல சைவ வீடுகளில் அன்று மச்சம் இல்லை, முஸ்லிம் வீடுகளிலோ பகல் சாப்பாடு விசேஷம். முஸ்லிம்கள் ‘வெள்ளி இரவு’ என்பது வியாழன் மாலை மஃரிப் தொழுகை வேளையுடன் தொடங்கும் இரவை. இஸ்லாமிய நாள் சூரியன் மறைந்ததும் பிறக்கிறது. ‘வெள்ளி இரவு வாங்க’ என்று அழைத்தால் வெளியூர்க்காரர் ஒரு நாள் பிந்தி வந்து நிற்கக்கூடும்.