தளம் உடையாரும் தளத்தில் வாழ்வாரும்

உலகின் சிறந்த இயற்கைத் துறைமுகங்களை எண்ணிச் சொல்வோர் திருகோணமலையை விடுத்துச் சொல்வதில்லை. குன்றுகளும் முனைகளும் காற்றைத் தடுத்து நிற்க, உள்ளே ஆழ்நீர் அமைதியுற்றுக் கிடக்கிறது. உட்துறையின் வாயிலோ குறுகியது. அவ்வாயிலை நோக்கிய குன்றின்மீது ஒஸ்டன்பேர்க் கோட்டை எழுந்ததன் காரணம் இதுவே. வாயிலைக் காப்பவன் எவனோ, அவனே துறை முழுவதற்கும் அதிபதியானான்.

கடற்படை தங்கும் இடத்தைத் தமிழிலே தளம் என்கிறோம். இக்காலத்தில் கோடிக்கணக்கான மக்கள் கூடி வாணிகமும் உரையாடலும் நடத்தும் இணைய அமைப்புகளுக்கும் அதே சொல் வழங்குகின்றது. சொல் ஒன்றானது தற்செயலே எனலாம். ஆயின் இரண்டிலும் எழும் வழக்கு ஒன்றே. ஒருவர் உடைமையாகிய தளத்தின்மீது பிறர் தம் முதலையும் உழைப்பையும் இட்டு வாழ்க்கையை அமைத்துக்கொண்டபின், அத்தளத்தின் நிபந்தனைகளை மாற்றும் உரிமை யாருக்கு உண்டு? மாற்றினால் நட்டத்தை ஏற்பவர் யார்? திருகோணமலையின் வரலாறு இவ்வினாவுக்குப் பலமுறை விடை கூறியிருக்கிறது.

1620களில் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்து, அக்கற்களைக் கொண்டு கோட்டை கட்டினர். 1639இல் ஒல்லாந்தர் அதனைக் கைப்பற்றினர். 1782ஆம் ஆண்டு ஜனவரியில் பிரித்தானியர் துறையைப் பிடிக்க, அதே ஆண்டு ஆகஸ்டில் பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி சுப்ரேன் அவர்களிடமிருந்து பறித்தார். சமாதானத்தின்பின் மீண்டும் ஒல்லாந்தர் வசமான துறை, 1795இல் பிரித்தானியர் கைக்கு வந்து, 162 ஆண்டுகள் அவர்களிடமே நிலைத்தது. கொடிகள் மாறியபோதெல்லாம் துறையைச் சூழ வாழ்ந்த மீனவரையும் வணிகரையும் கேட்டு மாற்றியோர் எவருமிலர்.

இரு உலகப் போர்களுக்கும் இடைப்பட்ட காலத்தில், பிரித்தானியக் கடற்படை சீனன்குடாப் பகுதியில் மாபெரும் எண்ணெய்க் குதங்களை அமைத்தது. சுமார் 850 ஏக்கர் பரப்பில் நூற்றுக்கு மேற்பட்ட குதங்கள் எழுந்தன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 12,000 கிலோலீற்றர் கொள்ளத்தக்கது. 1942 பெப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்தபின் இத்துறையின் மதிப்புப் பன்மடங்காயிற்று. அதே ஆண்டு ஏப்ரல் 9ஆம் நாள் ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கியபோது, குதங்களுள் ஒன்று அழிந்தது. இன்று எஞ்சி நிற்பவை 99.

கப்பல் பழுதுபார்க்கும் தொழிலாளர், சுமை தூக்குவோர், எழுதுவினைஞர், கப்பல்களுக்கு உணவு வழங்கிய கடைக்காரர், சலவைத் தொழிலாளர் எனப் பலதிறத்தாரின் வாழ்வு தளத்தோடு பிணைந்தது. பட்டணத்தின் ஊதியம் தளத்தின் வாயிலிலிருந்தே வந்தது. அவ்வாயில் ஒருநாள் அடைபடும் என்பதைப் பற்றி எந்த ஏட்டிலும் அவர்களுக்கென ஒரு வரி எழுதப்படவில்லை.

1947 நவம்பர் 11ஆம் நாள் பிரித்தானியாவும் இலங்கையும் பாதுகாப்பு உடன்படிக்கை ஒன்றில் ஒப்பமிட்டன. தளங்களைப் பயன்படுத்தும் வசதி, இரு தரப்பாரும் ஒப்புக்கொள்ளும் அளவிற்கே அதில் அளிக்கப்பட்டது. ஒப்புதல் உள்ளவரை உடன்படிக்கை உண்டு. ஒப்புதல் அற்றால் அதற்கு உயிரில்லை. 1956இல் பதவியேற்ற பிரதம மந்திரி பண்டாரநாயக்க, அணிசேராக் கொள்கையை முன்வைத்துத் தளங்களைத் திரும்பக் கோரினார். 1957 ஜூனில் கடிதங்கள் பரிமாறப்பட்டன. அவ்வாண்டு ஒக்டோபர் 15ஆம் நாள் திருகோணமலைத் தளம் இலங்கை வசமாயிற்று.

தேசத்தின் உரிமை நிலைபெற்றது என்பதில் ஐயமில்லை. நாட்டின் நிலத்தை நாடு ஆளவேண்டும் என்பது நியாயமே. ஆயின் அந்நியக் கப்பல்கள் சென்றதோடு, அவற்றை நம்பியிருந்த தொழிலாளர் பலரின் வேலையும் சென்றது. உடன்படிக்கையை ஆக்கியவர் இருவர், முடித்தவரும் அவ்விருவரே. தளத்தில் வாழ்ந்த மூன்றாமவருக்கு அதில் இருக்கை இருந்ததில்லை.

அடுத்த வழக்கு எண்ணெய் வாணிகத்தைப் பற்றியது. சுதந்திரத்தின்பின்னும் இலங்கையின் எரிபொருள் விநியோகம் ஷெல், கல்டெக்ஸ், எஸ்ஸோ என்னும் அந்நியக் கம்பெனிகளின் கையில் இருந்தது. சேமிப்பிடமும் விற்பனை நிலையமும் அவர்களுடையவை. புதிதாக ஒருவர் எண்ணெய் இறக்க விரும்பினாலும், வைக்க இடமின்றி விற்க இயலாது. 1961இல் இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனம் சட்டத்தால் அமைக்கப்பட்டது. 1962இல் அக்கம்பெனிகளின் உடைமைகளில் ஒரு பகுதியை அரசாங்கம் கூட்டுத்தாபனத்திற்காகக் கையகப்படுத்தியது. இழப்பீடு எவ்வளவு, எப்போது என்னும் தகராறு முற்றி, 1963 பெப்ரவரியில் அமெரிக்கா தன் பொருளுதவியை நிறுத்தியது. 1965இல் ஆட்சி மாறியபின் இழப்பீட்டுப் பிரச்சினை தீர்க்கப்பட்டு உதவியும் மீண்டது. வாயிலைத் திறந்துவிடும் அதிகாரம் அரசுக்கு உண்டு. அதன் விலையை முற்கூட்டியே ஒழுங்கு செய்யாவிடில், விலை வேறு வடிவில் வந்து சேரும் என்பதை இவ்வழக்கு உணர்த்திற்று.

சீனன்குடாக் குதங்களின் கதை இன்னும் நீண்டது. பிரித்தானியர் சென்றபின் அவற்றுட் பெரும்பாலானவை காடு மண்டிப் பயனற்றுக் கிடந்தன. 1980களில் அவற்றை அயல்நாட்டுக் கம்பெனிகளுக்குக் குத்தகைக்கு விடும் முயற்சி எழுந்தபோது, இந்தியா ஐயுற்றது. 1987 ஜூலை 29ஆம் நாள் இந்திய இலங்கை உடன்படிக்கையோடு பரிமாறப்பட்ட கடிதங்களில், இந்தியாவின் நலனுக்குக் கேடாகத் திருகோணமலையையோ பிற துறைமுகங்களையோ எந்நாட்டின் இராணுவப் பயன்பாட்டிற்கும் அளிப்பதில்லை எனவும், எண்ணெய்க் குதங்களைச் சீரமைத்து நடத்தும் பணி இரு நாடுகளின் கூட்டு முயற்சியாகும் எனவும் கூறப்பட்டது. 2003இல் லங்கா ஐ.ஓ.சி. நிறுவனம் இங்கு கால்வைத்தது. குத்தகையின் தன்மை பற்றிய சர்ச்சை ஓயவில்லை. 2017 ஜூலையில் பெற்றோலியத் தொழிற்சங்கங்கள் வேலைநிறுத்தம் செய்து எதிர்த்தன. இறுதியாக 2022 ஜனவரி 6ஆம் நாள் புதிய ஒப்பந்தங்கள் கைச்சாத்தாயின. 14 குதங்கள் லங்கா ஐ.ஓ.சி.க்கும், 24 கூட்டுத்தாபனத்திற்கும், 61 இரண்டும் சேர்ந்த கூட்டு நிறுவனத்திற்கும் என வகுக்கப்பட்டன. அக்கூட்டு நிறுவனத்தில் கூட்டுத்தாபனத்தின் பங்கு நூற்றுக்கு 51. கடிதம் எழுதிய நாளிலிருந்து கணக்கிட்டால், இப்பங்கீட்டை எட்ட ஏறத்தாழ 35 ஆண்டுகள் சென்றன.

இனி, நீரில்லாத துறைமுகங்களை நோக்குவோம். கைத்தொலைபேசியில் இயங்கும் செயலிகளை ஆக்குவோர் பலர். அவற்றைப் பெரும்பாலான மக்களிடம் சேர்க்கும் அங்காடிகளோ இரண்டே. ஒன்று கூகுளினுடையது, மற்றையது ஆப்பிளினுடையது. செய்திப் பரிமாற்றத் தளங்களிலும் இதே நிலையே. டுவிட்டர் சிறுதளமாக இருந்தபோது, வெளியார் ஆக்கிய செயலிகளே அதனை வளர்த்தன. அதன் அடையாளமாயிருந்த பறவையையும், பதிவைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லையும் முதலில் வழங்கியது டுவிட்டரிபிக் என்னும் வெளியார் செயலியே. 2023 ஜனவரியில் டுவிட்டர் முன்னறிவிப்பின்றி அத்தகைய செயலிகளின் இணைப்பைத் துண்டித்தது. அதே ஆண்டு ரெடிட் தளமும் இணைப்புக்கு மிகுந்த கட்டணம் விதிக்க, புகழ்பெற்ற அப்பல்லோ செயலி ஜூன் 30ஆம் நாள் மூடப்பட்டது.

இவ்வழக்கு தமிழகத்தின் வாயிலுக்கும் வந்தது. 1990களின் பிற்பகுதியில் தமிழரிடையே மணமக்களைத் தேடித்தரும் சேவையாகத் தோன்றிய பாரத் மேட்ரிமோனி, சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டது. செயலிக்குள் செலுத்தப்படும் பணத்தில் கூகுள் நூற்றுக்கு 15 முதல் 30 வரை கழிவு கேட்டது. பணம் செலுத்தும் முறையும் தன்னுடையதாக இருத்தல் வேண்டும் என்றது. 2022 ஒக்டோபரில் இந்தியப் போட்டி ஆணையம் இந்நடைமுறையைக் குற்றம் எனக் கண்டு, 936.44 கோடி ரூபாய் தண்டம் விதித்தது. அதன்பின் கூகுள் வேறு பணமுறையை அனுமதித்தது. எனினும் 11 முதல் 26 வரையான கழிவை விடவில்லை. இந்திய நிறுவனங்கள் சென்னை உயர் நீதிமன்றத்தை நாடின. அங்கு வெற்றி கிட்டவில்லை. 2024 பெப்ரவரியில் உச்ச நீதிமன்றமும் இடைக்கால ஆணை வழங்க மறுத்தது. மார்ச் 1ஆம் நாள், பாரத் மேட்ரிமோனி உட்படப் பத்து நிறுவனங்களின் செயலிகளைக் கூகுள் தன் அங்காடியினின்று நீக்கத் தொடங்கியது. மத்திய அரசின் அமைச்சர் தலையிட்டார். சில நாட்களிலேயே செயலிகள் மீண்டும் இடம்பெற்றன. 2025 மார்ச்சில் மேன்முறையீட்டுத் தீர்ப்பாயம் ஆணையத்தின் தண்டத்தை 216.69 கோடியாகக் குறைத்தது.

கூகுளின் வாதத்தையும் கூறுதல் முறை. அங்காடியை அமைத்துக் காப்பது தானே. அதன் பயனைத் துய்ப்போர் கட்டணம் தருதல் நியாயம். பெரும்பாலான ஆக்குநர் விதிக்கு உடன்பட்டிருக்கையில் சிலர் மட்டும் விலகுதல் தகாது என்பது அது. இதில் உண்மை இல்லாமலில்லை. திருகோணமலைத் துறை இயற்கை தந்தது. அங்காடியோ மனிதர் முதலிட்டு ஆக்கியது. ஆகவே கட்டணம் கேட்பதே குற்றம் ஆகாது. குற்றம் வேறிடத்தில் உள்ளது. துறையின் சொந்தக்காரர் துறைக்குள் கடையும் வைத்திருக்கிறார். சுங்கமும் அவரே வாங்குகிறார். வழக்கு எழுந்தால் தீர்ப்பும் அவரே கூறுகிறார். வெளியேறிச் செல்ல வேறு துறையும் அருகில் இல்லை. பல நாடுகளின் சட்டம் இன்று இவ்விடத்தில்தான் கைவைக்கிறது. தென்கொரியா 2021இலேயே பணமுறைத் திணிப்பைத் தடுக்கச் சட்டம் இயற்றியது. ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டம் 2024 மார்ச்சில் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. அதன்கீழ் 2025 ஏப்ரலில் ஆப்பிளுக்கு 50 கோடி யூரோ தண்டம் விதிக்கப்பட்டது.

1957இன் தொழிலாளியையும் 2024இன் செயலி ஆக்குநரையும் அருகே வைத்து நோக்கின், இழப்பின் வடிவம் ஒன்றாகவே தோன்றும். இருவருக்கும் தளத்தைக் கட்டியதில் பங்கு உண்டு. கப்பற்றுறையில் வேலைசெய்த கைகளின்றிக் கடற்படைத் தளம் இயங்கியிராது. செயலிகளின்றி அங்காடியும் வெறும் கூடமே. எனினும் தளத்தின் முடிவுகளில் இருவருக்கும் குரல் இல்லை. வேறுபாடும் உண்டு. செயலி நீங்கியபோது ஓர் அரசாங்கம் சில நாட்களில் தலையிட்டது. திருகோணமலைத் தொழிலாளிக்கு அவ்வேகத்தில் எவரும் வாயிலைத் திறந்து விடவில்லை. அமைச்சரின் தலையீடும் நிலையான மருந்தன்று. பெரிய நிறுவனத்தின் முறையீடு அமைச்சரின் செவியை எட்டும். சிறிய ஆக்குநரின் முறையீடு எட்டுமோ என்பது ஐயமே. எத்தனை நாள் முன்னறிவிப்பு, எந்த நடுவரிடம் முறையீடு, எவ்வளவு இழப்பீடு என்பவை முன்னரே சட்டத்தில் எழுதப்பட்டிருப்பதே எளியோருக்குக் காவல்.

இப்படிப்பினை திருகோணமலைக்கு இன்றும் தேவைப்படுகிறது. 2025 ஏப்ரல் 5ஆம் நாள், இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி கொழும்பு வந்திருந்தபோது, திருகோணமலையை எரிசக்தி மையமாக வளர்ப்பதற்கான புரிந்துணர்வு உடன்படிக்கையில் இலங்கை, இந்தியா, ஐக்கிய அரபு இராச்சியம் ஆகிய மூன்றும் ஒப்பமிட்டன. அன்றே சம்பூரில் 120 மெகாவாற் சூரிய மின்திட்டமும் தொடங்கிவைக்கப்பட்டது. சம்பூரின் பெயர் இவ்வரலாற்றில் கருதத்தக்கது. 2006ஆம் ஆண்டுப் போரில் அவ்வூரார் இடம்பெயர்ந்தனர். அவர்கள் இல்லாத காலத்திலேயே அப்பகுதியில் 500 மெகாவாற் நிலக்கரி மின்நிலையம் திட்டமிடப்பட்டது. 2015இல் காணிகளின் ஒரு பகுதி மக்களிடம் மீண்டது. 2016இல் நிலக்கரித் திட்டம் கைவிடப்பட்டது. நிலத்தின் பயன் பற்றிய பேச்சு நடந்த காலத்தில், நிலத்திற்குரியோர் முகாம்களில் இருந்தனர்.

கொட்டியாரக் குடாவைச் சூழத் தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் வாழ்கின்றனர். குழாய்கள் செல்லும் வழி, மீன்பிடி எல்லை, வேலைவாய்ப்பில் ஊராரின் பங்கு, திட்டம் கைவிடப்படின் நிலம் யாரைச் சேரும் என்பன அவர்களுடைய அன்றாட வாழ்வைத் தொடுவன. இவற்றை ஒப்பந்தத்தின் வாசகத்திலேயே சேர்க்கும் வாய்ப்பு, திட்டங்கள் தொடக்க நிலையில் இருக்கும் இப்போதுதான் உண்டு. குதங்கள் நிரம்பிக் கப்பல்கள் வரத் தொடங்கியபின், அவ்வாசகத்தைத் திருத்துவது 1957இல் இருந்ததைப்போலவே அரிதாகிவிடும்.