டெராஃபார்மில் வள மாற்றீட்டைத் தடுத்தல்

மேகக் கட்டமைப்பை நிரலாக எழுதி நிர்வகிக்கும் டெராஃபார்ம் (2014), சில திருத்தங்களின்போது இருக்கும் வளத்தை மாற்றியமைக்காமல், அதை அழித்துப் புதிதாக ஒன்றை உருவாக்குகிறது. இதுவே வள மாற்றீடு. உருவாக்கும் நேரத்தில் மட்டும் நிர்ணயிக்கக்கூடிய பண்புகளே இதற்குக் காரணம். அஷூர் மேகத்தில் சேமிப்புக் கணக்கின் பெயரும் மண்டலமும் அத்தகையவை. சென்னையிலுள்ள 'சவுத் இந்தியா' மண்டலத்தைப் புனேயின் 'சென்ட்ரல் இந்தியா' என்று நிரலில் மாற்றினால் கோப்புகள் இடம்பெயரா. பழைய கணக்கு கோப்புகளோடு அழிய, புனேயில் காலிக் கணக்கு ஒன்று திறக்கும். செய்யப்போகும் மாற்றங்களைப் பட்டியலிடும் 'பிளான்' கட்டளையின் வெளியீட்டில் இது -/+ என்ற குறியோடு முன்கூட்டியே தெரியும். நீண்ட வெளியீட்டில் அந்த ஒரு வரி கண்ணில் படாமல் போவதுதான் பெரும்பாலும் வினையாகிறது.

பண்பு எதையும் தொடாமலே மாற்றீடு நேர்வதும் உண்டு. தென்காசி, இலத்தூர், குற்றாலம் என மூன்று கிளைகளுக்கான சேமிப்புக் கணக்குகளை ஒரே பட்டியலிலிருந்து 'கவுன்ட்' மூலம் உருவாக்கியதாகக் கொள்வோம். அவற்றின் எண்கள் 0, 1, 2. இலத்தூர்க் கிளை மூடப்பட்டு அதன் பெயர் நீக்கப்பட்டால், குற்றாலம் 1-ஆம் இடத்துக்கு நகரும். 1-இல் இருக்கும் இலத்தூர்க் கணக்கு பெயர் மாறியதாகக் கருவி கணக்கிடும். 2-இல் இருக்கும் குற்றாலம் கணக்கு மிகையாகிவிடும். ஒன்றை நீக்கப்போய் இரண்டும் அழியும். எண்ணுக்குப் பதில் பெயரையே சாவியாகக் கொள்ளும் 'ஃபார்_ஈச்' இதைத் தவிர்க்கிறது. ஏற்கெனவே உருவானவற்றின் முகவரியை அழிவின்றி மாற்ற, 2021-இல் வந்த 1.1 பதிப்பின் 'மூவ்டு' தொகுதி உண்டு.

மாற்றீட்டைத் தடுக்க நிரலிலேயே சில அமைப்புகள் உண்டு. 'பிரிவென்ட்_டெஸ்ட்ராய்' இட்ட வளத்தை அழிக்கும் திட்டம் பிழையோடு நின்றுவிடும். ஆனால் வளத்தின் நிரல் தொகுதியையே யாரேனும் நீக்கினால், இந்தத் தடையும் அதனுடன் போய்விடும். எனவே தரவு உள்ளவற்றுக்கு அஷூரிலேயே நீக்கத் தடைப் பூட்டு இடுவதே உறுதியான காப்பு.

'இக்னோர்_சேஞ்சஸ்' குறிப்பிட்ட பண்பின் மாறுதலைப் பொருட்படுத்தாது. அமேசான் மேகத்தில் எப்போதும் புதிய இயங்குதளப் படிமத்தைத் தேடி எடுக்கும் நிரல், புதுப் படிமம் வெளியானதும் சர்வரை மாற்றீடு செய்ய முற்படும். அங்கு இது பொருந்தும். கண்ட பண்புக்கெல்லாம் இட்டால் நிரலும் நடப்பும் விலகிப்போகும்.

'கிரியேட்_பிஃபோர்_டெஸ்ட்ராய்' தடுப்பு அன்று. புதியதை முதலில் உருவாக்கிச் சேவைத் தடையைக் குறைக்குமே தவிர, பழைய தரவைக் காக்காது. சேமிப்புக் கணக்கின் பெயர் உலகளவில் தனித்ததாக இருக்க வேண்டியதால், பெயர் மாறாத மாற்றீட்டில் அந்த முறை பிழையில் முடியும்.