தப்பியோடிய காப்பி

சில சொற்களை மொழிபெயர்த்தால் பொருள் வந்துவிடும், வரலாறு வராது. இந்தியப் பெருங்கடலில் மடகாஸ்கருக்குக் கிழக்கே உள்ள ரீயூனியன் தீவில் மலைக்காட்டு நிழலில் ஒரு சிறுமரம் வளர்கிறது. ஊரார் அதனைக் 'காஃபே மாரோன்' என்கிறார்கள். தாவரவியலாளர் இட்ட பெயர் காஃபியா மாரிஷியானா. 'காட்டுக் காப்பி' என்று தமிழ்ப்படுத்தினால் பிழையில்லை. ஆனால் நாம் காட்டுமல்லி, காட்டெருமை என்று சொல்லும்போது ஓர் உயிர் இருக்கும் இடத்தைச் சொல்கிறோம். 'மாரோன்' என்பதோ ஒரு செயலைச் சொல்கிறது. அமெரிக்கத் தீவுகளில் மந்தையை விட்டு மலையேறிப் போன மாட்டை ஸ்பானியர் 'சிமர்ரோன்' என்றனர். பின்னர் அது தோட்டத்தை விட்டு ஓடிய அடிமையைக் குறித்தது. பிரெஞ்சில் சுருங்கி 'மாரோன்' ஆயிற்று. ஆகவே காஃபே மாரோன் என்பது தப்பியோடிய காப்பி.

வகுப்பறையில் சொல்லாராய்ச்சி நடத்திப் பழகிய எனக்கு இந்தப் பெயரில் ஒரு முரண் உறுத்தியது. அந்த மரம் எங்கிருந்தும் தப்பி ஓடவில்லை. மனிதர் அத்தீவில் குடியேறுவதற்கு முன்பே அது அங்கே இருந்தது. வந்தேறியது தோட்டக் காப்பிதான். பிறகு மண்ணின் மரத்துக்கு ஏன் ஓடியவனின் பெயர் வந்தது?

பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இத்தீவின் பெயர் பூர்போன். பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கையில் இருந்தது. ஏமன் நாட்டு மோக்கா துறைமுகத்திலிருந்து வந்த காப்பிக்கு ஐரோப்பாவில் பெரும் கிராக்கி. 1711இல், மோக்கா காப்பியின் கிளையைப் பார்த்த தீவுவாசிகள், இதைப் போன்ற மரம் தங்கள் மலையிலும் உண்டு என்று சொல்லிக் காட்டியதாக ஆவணங்கள் குறிக்கின்றன. கம்பெனிக்கு மகிழ்ச்சி. ஆனால் மலைமரத்தின் கொட்டையை வறுத்துக் குடித்தபோது கசந்தது. 1715இல் மோக்காவிலிருந்து செடிகளைக் கப்பலேற்றி வந்தார்கள். கடற்பயணத்தையும் புதிய மண்ணையும் தாங்கிப் பிழைத்தவை ஒரு சிலவே. அந்த ஒரு சிலவற்றின் வழித்தோன்றல்தான் இன்று உலகெங்கும் 'பூர்போன்' என்ற பெயரில் பயிராகும் அராபிகா வகை.

தோட்டத்துக்கு ஆள் வேண்டும். மடகாஸ்கரிலிருந்தும் கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்தும் அடிமைகள் கொண்டுவரப்பட்டார்கள். 1723ஆம் ஆண்டின் அரச ஆணை ஓடுகிறவனுக்குத் தண்டனையைப் படிப்படியாக வகுத்தது. முதல் முறை காதறுத்துச் சூடு போடுவது, இரண்டாம் முறை கெண்டைக்கால் நரம்பை அறுப்பது, மூன்றாம் முறை மரணம். இருந்தும் ஓடினார்கள். தீவின் நடுவே செங்குத்தான மலைச்சுவர்களால் சூழப்பட்ட பள்ளத்தாக்குகளே அவர்களுக்குப் புகலிடம். மாஃபாத், சிலாவோஸ் என்று இன்றும் வழங்கும் அவ்விடப் பெயர்கள் அவர்களுடைய மடகாஸ்கர் மொழியின் எச்சங்கள்.

கடலோரச் சரிவுகளில் காடு வெட்டப்பட்டுத் தோட்டம் ஏறிக்கொண்டே வந்தது. மண்ணின் காப்பிமரம் வெட்டமுடியாத உயரங்களில்தான் மிஞ்சியது. தோட்டக்காரனின் கண்ணுக்கு உலகம் இரண்டாகவே தெரிந்தது: தன் கணக்கேட்டில் இருப்பது, கணக்குக்குத் தப்பியது. மலையில் ஒளிந்த மனிதனும் மலையில் நின்ற மரமும் இரண்டாம் வகை. ஒரே பெயர் அமைந்ததற்கு இதுவே காரணம் என்று கருதுகிறேன்.

1806-07ஆம் ஆண்டுகளின் சூறாவளிகள் காப்பித் தோட்டங்களைச் சிதைத்தன. கரும்பு அந்த இடத்தைப் பிடித்தது. 1848இல் அடிமைமுறை ஒழிந்த பிறகு கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களில் பெரும்பாலோர் தமிழர். அவர்களின் வழிவந்தவர்களை அங்கே இன்றும் 'மலபார்' என்கிறார்கள்.

*

இந்த வரலாற்றில் கவனிக்க வேண்டியது எண்ணிக்கை. உலகம் குடிக்கும் அராபிகாவில் பெரும்பகுதி இரண்டு கால்வழிகளைச் சேர்ந்தது. ஒன்று பூர்போன். மற்றொன்று 'டிப்பிகா', ஜாவாவிலிருந்து 1706இல் ஆம்ஸ்டர்டாம் தாவரவியல் தோட்டத்துக்குப் போன செடியின் வழியே அது அமெரிக்கா முழுவதும் பரவியது. இரண்டும் விரல்விட்டு எண்ணத்தக்க செடிகளின் சந்ததி. போதாததற்கு, அராபிகா தன் மகரந்தத்தாலேயே கருவுறுவது. புதுக் குருதி கலக்க வழியில்லை. பத்து லட்சம் மரங்கள் நின்றாலும் மரபணுக் கணக்கில் அவை சில மரங்களே.

இதன் விலையை முதலில் கொடுத்தது மற்றொரு தீவு. 1869இல் இலங்கையில் காப்பி இலைகளின் அடியில் மஞ்சள் நிறப் பொடி படிந்தது. ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ் என்ற பூஞ்சை. தமிழில் இலைத்துரு நோய். ஒரு மரத்தை வென்ற நோய் எல்லா மரங்களையும் வென்றது. ஏறத்தாழ இருபதாண்டுகளில் இலங்கைக் காப்பி முடிந்துபோயிற்று. மன்னாரில் கரையிறங்கி மாத்தளைக் காடுகள் வழியே நடந்தே மலைநாட்டுக்குப் போன நம்மவர்கள், வழியில் காலராவுக்கும் காய்ச்சலுக்கும் பலியானது போக மிஞ்சியவர்கள், வளர்த்த காப்பி அது. அதன் இடத்தில் தேயிலை வந்தது. மலையகத் தமிழரின் கதையைத் தேயிலையிலிருந்து தொடங்குவது நம் வழக்கம். அதற்கு முன்னே ஒரு காப்பி அத்தியாயம் உண்டு, அதை முடித்துவைத்ததில் மரபணு வறுமைக்கும் பங்குண்டு.

மீட்சியும் ஒரு தீவிலிருந்தே வந்தது. 1920களில் தீமோர் தீவின் அராபிகாத் தோட்டமொன்றில் துருநோய் தீண்டாத மரம் ஒன்று கண்ணில் பட்டது. அராபிகாவும் ரோபஸ்டாவும் தாமாகவே கலந்து பிறந்தது அது. அராபிகாவின் குரோமோசோம்கள் நாற்பத்து நான்கு, ரோபஸ்டாவில் இருபத்திரண்டு. இயற்கையில் இவை இணைவது அரிது. அந்த அரிய நிகழ்ச்சியின் விளைவே பின்னர் பல நாடுகளில் நோயெதிர்ப்பு வகைகளுக்குத் தாயாயிற்று. தென்னிந்தியத் தோட்டங்களில் பயிராகும் காவேரி, சந்திரகிரி ஆகிய வகைகளிலும் அதன் குருதி ஓடுகிறது. பூஞ்சையும் சும்மா இருக்கவில்லை, புதிய வடிவங்களெடுத்து அந்தத் தடுப்பைச் சில இடங்களில் உடைத்துவிட்டது. ஒருமுறை தேடி எடுத்தது எக்காலத்துக்கும் போதும் என்று உட்கார முடியாது.

*

காக்க வேண்டும் என்பதை எல்லோரும் ஒப்புக்கொள்வார்கள். எதைக் காப்பது என்பதில்தான் சிக்கல். ரீயூனியனுக்குக் கிழக்கே, மொரீஷியசைச் சேர்ந்த ரோட்ரிக்ஸ் என்னும் குட்டித்தீவின் அனுபவம் இதை விளக்கும்.

அங்கும் ஒரு 'காஃபே மாரோன்' உண்டு. காப்பிப் பேரினத்தைச் சேர்ந்ததன்று, அதே குடும்பத்து உறவு, பெயர் ராமோஸ்மேனியா. அற்றுப்போனதாகவே அதைக் கருதியிருந்தார்கள். 1980இல் ஓர் ஆசிரியர் தம் மாணவர்களிடம் தீவின் அரிய செடிகளின் படத்தைக் காட்டியிருக்கிறார். ஒரு சிறுவன் அதேபோன்ற கிளையொன்றைக் கொண்டுவந்து நீட்டினான். தேடிப் போனால் ஒரே ஒரு செடி. செய்தி பரவியதும் மருந்துக்கென்று மக்கள் அதை ஒடிக்கத் தொடங்கினார்கள். வேலி மேல் வேலி போட்டுக் காக்க வேண்டியதாயிற்று. 1986இல் அதன் துண்டுகள் லண்டனின் கியூ தாவரவியல் தோட்டத்துக்குப் போயின. வேர் பிடித்தது, பூத்தது, காய்க்கவில்லை. 2003ஆம் ஆண்டு வாக்கில் கார்லோஸ் மக்தலேனா என்ற தோட்டக்கலைஞர், பூவின் சூல்முடியை வெட்டி அதன்மேல் மகரந்தம் வைத்துப் பார்த்து, கடைசியில் விதை எடுத்தார். கன்றுகள் தீவுக்குத் திரும்பின.

மனம் நிறையும் கதை. ஆனால் அந்தக் கன்றுகள் அனைத்துக்கும் தாயும் தந்தையும் ஒரே செடி. இனம் பிழைத்தது, அதற்குள் இருந்திருக்கக்கூடிய வேற்றுமைகள் திரும்பவில்லை. வறட்சியைத் தாங்கிய செடி எது, பூச்சிக்கு அசராத செடி எது என்பதெல்லாம் வெட்டுண்ட செடிகளோடு போய்விட்டது. ஒரு நூலின் கடைசி ஏட்டுச்சுவடியில் ஓர் ஓலை மட்டும் கிடைத்தால் அதை ஆயிரம் படி எடுக்கலாம். அழிந்த ஓலைகள் வந்துவிடுமா?

ரீயூனியனின் காஃபே மாரோனுக்கு இன்னும் அந்தக் கதி வரவில்லை. அது பல இடங்களில், பல உயரங்களில் நிற்கிறது. மழை கொட்டும் கிழக்குச் சரிவும் வறண்ட மேற்குச் சரிவும் ஒரே தீவில் உள்ளன. அத்தீவின் மரங்களை ஆராய்ந்து 2019இல் வெளியான ஒரு மரபணு ஆய்வு, நிலவமைப்பும் தட்பவெப்பமும் அவற்றைத் தனித்தனிக் கூட்டங்களாகப் பிரித்திருப்பதைக் காட்டியது. ஒரு சரிவை மட்டும் வேலியிட்டுக் காத்தால் மறு சரிவின் செல்வம் போய்விடும் என்பதே இதற்குப் பொருள். பக்கத்து மொரீஷியசில் நல்ல நிலையிலுள்ள பூர்வீகக் காடு நூற்றுக்கு இரண்டு பங்குகூட இல்லை. அங்கே காட்டுக் காப்பிகளின் மேல் சீனக் கொய்யாப் புதர் மூடிக்கொண்டு வருகிறது. மானும் பன்றியும் குரங்கும்கூட மனிதர் கொண்டுவந்து விட்டவையே.

விதையை எடுத்து உறைபெட்டியில் வைத்துவிடலாமே என்று தோன்றும். நெல்லுக்கு அது சரி. காப்பி விதை அந்த அளவு உலர்த்தலையும் குளிரையும் தாங்காது. மரமாகவே வைத்திருக்க வேண்டும். மடகாஸ்கரின் கியாஞ்சவாதோவில் 1960களில் தொடங்கிய அத்தகைய தோட்டம் இருக்கிறது. ரீயூனியனிலும் ஒன்று உண்டு, முப்பதுக்கும் மேற்பட்ட காப்பி இனங்களோடு. இவற்றிலும் ஓர் இடர்: அராபிகாவைப் போலன்றி, காட்டுக் காப்பிகளில் பெரும்பாலானவை தன் மகரந்தத்தை ஏற்பதில்லை. பல இனங்கள் அருகருகே நிற்கும் தோட்டத்தில் விழும் விதை கலப்பாகிவிடும். ஒவ்வொரு மரமும் சாகும் முன் அதன் துண்டிலிருந்து மறுமரம் எழுப்ப வேண்டும். ஒரு சூறாவளி, சில ஆண்டு நிதிப் பற்றாக்குறை போதும், அரை நூற்றாண்டு உழைப்பு அழிய. 2019இல் கியூ ஆய்வாளர்கள் அன்று அறியப்பட்ட 124 காப்பி இனங்களைக் கணக்கெடுத்தார்கள். நூற்றுக்கு அறுபது அழிவின் விளிம்பை நோக்கி நிற்கின்றன. நாற்பத்தைந்து சதவீதம் எந்தச் சேகரத்திலும் இல்லை. இந்த இனங்களில் ஏறத்தாழப் பாதி மடகாஸ்கரில் மட்டுமே வாழ்பவை.

*

இவற்றால் நமக்கு என்ன பயன் என்ற கேள்வி நேர்மையானது. கொமோரோத் தீவுகளின் காஃபியா ஹம்ப்ளோத்தியானாவில் காஃபீன் இல்லை. அதை உண்டாக்கும் மரபணுவே அதில் இல்லை என்று 2021இல் கண்டார்கள். காஃபே மாரோனிலும் காஃபீன் மிகக் குறைவு. ஆயினும் இவை அராபிகாவோடு எளிதில் கலப்பதில்லை. நாளைய காப்பியை இவைதான் காப்பாற்றும் என்று உறுதி சொல்ல இயலாது. ரோபஸ்டாவைப் பற்றி இலங்கைத் துரைமார்களிடம் 1869இல் கேட்டிருந்தால் அவர்களும் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

மூன்று நூற்றாண்டுகளுக்கு முன் ஒருவன் ஒரு மரத்தின் கொட்டையை வறுத்துக் குடித்து, கசக்கிறது என்று கீழே வைத்தான். அவன் கைக்கு எட்டிய சரிவெல்லாம் காடு போனது, எட்டாத உயரத்தில் மரம் மிஞ்சியது. அதே உயரம்தான் அடிமைக்கும் உயிர் கொடுத்தது. இன்று நம் கைக்கு எட்டாத உயரம் என்று எதுவும் இல்லை. சீனக் கொய்யா ஏறாத மலையும் இல்லை. இனி அந்த மரம் ஓடுவதற்கு இடமில்லை. நாமாக விட்டுவைத்தால்தான் உண்டு.