காட்டிக்கொடுத்தோர் பெயர்கள்

துரோகம் என்பது வடசொல். இராசத்துரோகம், குருத்துரோகம், மித்திரத்துரோகம் என, எவர்க்கு இழைக்கப்பட்டது என்பதனையுஞ் சேர்த்துக் கூறுதல் பழைய வழக்கு. காட்டிக்கொடுத்தல் என்னுந் தமிழ்த் தொடரோ செயலையே உரைப்பது. மறைந்திருப்பவனைக் காட்டுதலும், பகைவன் கையிற் கொடுத்தலும் ஆகிய இரு வினைகள் அதனுள் அடங்கும்.

துரோகி என்னுஞ் சொல் வெறும் வசையாக மட்டும் நின்றதில்லை. முதலாம் இராசராசன் காலத்து உடையார்குடிக் கல்வெட்டு, ஆதித்த கரிகாலனைக் கொன்றோரை அச்சொல்லாலேயே குறிக்கின்றது. அவர்தம் உடைமைகளோடு சுற்றத்தார் உடைமைகளும் பறிக்கப்பட்டன. பத்து நூற்றாண்டு கழிந்தும் அதன் கூர்மை மழுங்கிற்றில்லை. 1975 ஆம் ஆண்டு யாழ்ப்பாண நகர முதல்வர் அல்பிரட் துரையப்பா சுட்டுக்கொல்லப்படுமுன் அவர்மீது சுமத்தப்பட்டதும் இச்சொல்லேயாம்.

ஒருவனது இயற்பெயரே பொதுப்பெயராதல் பிறிதொரு வகை. ஜேர்மனியர் நோர்வே நாட்டினுட் புகுந்த 1940 ஏப்பிரல் 9 அன்றே, குவிஸ்லிங் என்பான் வானொலி வாயிலாகத் தன்னை ஆட்சித் தலைவனென அறிவித்தான். சின்னாட்களில் அவன் பெயர் இலண்டன் பத்திரிகைகளில் துரோகி என்பதற்கு மறுபெயராயிற்று. 1945 இல் நீதிமன்றம் விசாரித்துத் தண்டித்தமையின், ஈண்டுப் பெயருக்குஞ் செயலுக்கும் பொருத்தம் உண்டு.

எட்டப்பன் என்னும் பெயருக்கு அத்தகைய பொருத்தம் இல்லை. அது தனியொருவன் பெயரன்று. எட்டயபுரப் பாளையக்காரர் வழிவழி தாங்கிய பெயர். அவர் கட்டபொம்மனோடு பகைமை பூண்டவர். 1799 ஆம் ஆண்டுப் போரிற் கும்பினியார் பக்கம் நின்றவர். அவர் செயலை எவ்வாறு மதிப்பினும், தாம் சேராத பக்கத்தை ஒருவர் காட்டிக்கொடுத்தார் என்றல் பொருந்துமா? கட்டபொம்மனைப் பிடித்துக் கும்பினியாரிடம் ஒப்புவித்தோர் புதுக்கோட்டைத் தொண்டைமானின் ஆட்கள். எனினும் தொண்டைமான் பெயர் வசைச்சொல் ஆகவில்லை. 1959 இல் வெளிவந்த திரைப்படத்தின் பின்னர் எட்டப்பன் பெயரே சிறுவர் வாயிலும் வழங்கலாயிற்று.

ஈழத்தில் இதற்கு நிகரான பெயர் காக்கை வன்னியன். ஒல்லாந்தர் காலத்தில் மயில்வாகனப் புலவர் இயற்றிய யாழ்ப்பாண வைபவமாலை, சங்கிலி மன்னனைப் பறங்கியருக்குக் காட்டிக்கொடுத்தவன் அவனே என்கின்றது. யாழ்ப்பாண அரசு வீழ்ந்தது 1619 இல். வன்னி நாட்டு வாய்மொழிக் கதைகளும் நாடகங்களுமோ, ஆங்கிலேயரை எதிர்த்த பண்டார வன்னியனுக்குத் துரோகஞ் செய்தவனாக அவனைக் காட்டும். அப்போர் நிகழ்ந்தது 1803 இல்.

இடைப்பட்ட காலம் 184 ஆண்டுகள். ஒரே பெயருடையார் இருவர் இருந்தனர் என்று கூறி அமைதி காணலாம். ஆயின் இருவரும் ஒரே குற்றத்தைச் செய்தனர் என்பது எளிதில் ஏற்கத்தக்கதன்று. முன்னைய கதையிற் பழிச்சொல்லாகிவிட்ட பெயர், பின்னைய தோல்விக்குக் காரணந் தேடியோர்க்கு ஆயத்தமாகக் கிடைத்தது என்று கொள்ளுதலே பொருத்தமாகத் தோன்றுகின்றது. முல்லைத்தீவுக் கோட்டையைக் கைப்பற்றிய வீரன் சில மாதங்களுள் தோற்றமைக்குப் படைபலத்தைக் காரணங் கூறுவதிலும் பார்க்க, ஒரு வஞ்சகனைக் கூறுதல் கேட்போர் மனத்திற்கு ஆறுதல் அளித்திருக்கும்.

அப்போர் நிகழ்ந்த கற்சிலைமடுவில் ஆங்கிலேயர் ஒரு நினைவுக்கல் நாட்டினர். அதிற் பொறிக்கப்பட்ட பெயர்கள் இரண்டே: கப்டன் வொன் டிறிபேர்க், பண்டார வன்னியன். நாள், 1803 ஒக்டோபர் 31.