யாழ்ப்பாணத்திற் சித்திரக்கதை வாசிப்பும் சேகரிப்பும் – ஒரு வரலாற்று நோக்கு

யாழ்ப்பாணத்து வாசிப்பின் வரலாற்றை எழுதப் புகுவோர் 1841இல் வெளிவந்த 'உதயதாரகை'யிலிருந்தோ, ஆறுமுக நாவலரின் அச்சுக்கூடத்திலிருந்தோ தொடங்குவது வழக்கம். மிசனரிமாரின் துண்டுப் பிரசுரங்கள், சைவ மறுமலர்ச்சி, ஆங்கிலக் கல்வி, 'ஈழநாடு' போன்ற செய்தித்தாள்கள், முற்போக்கு இலக்கிய இயக்கம் என அவ்வரலாறு படிப்படியாக வளர்த்துச் செல்லப்படும். ஆனால் பாடநூலின் உள்ளே மறைத்து வைத்து வாசிக்கப்பட்ட சித்திரக்கதைகளுக்கு அவ்வரலாற்றில் ஒரு பந்தியேனும் கிடைப்பதில்லை. எம்மவர் 'கொமிக்ஸ்' என அழைக்கும் இவ்வாசிப்பு யாழ்ப்பாணக் குடாநாட்டில் எவ்வாறு வேரூன்றியது, எத்தகைய தடைகளுக்கு உட்பட்டது, அதன் தடயங்கள் யாது காரணத்தால் அருகின என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தோற்றமும் வருகையும்

படத்தோடு கூடிய சிறுவர் வாசிப்பு யாழ்ப்பாணத்துக்குப் புதியதன்று. 1947இல் சென்னையிலிருந்து வெளிவரத் தொடங்கிய 'அம்புலிமாமா' இங்கும் பலரின் இளமைக்கால வாசிப்பாக இருந்தது. எனினும் அது படங்கள் இடம்பெற்ற கதை இதழே. படமே கதையை நடத்திச் செல்ல, உரையாடல் படத்தினுள்ளேயே அமையும் வடிவம் வேறு. பம்பாயிலிருந்து 1964இல் 'இந்திரஜால் காமிக்ஸ்' தோன்றியபோது இவ்வடிவம் இந்தியாவில் நிலைபெறலாயிற்று. லீ பால்க் என்னும் அமெரிக்கர் 1936இல் உருவாக்கிய முகமூடி வீரனே அவ்விதழின் முதன்மை நாயகன்.

தமிழில் இவ்வடிவத்துக்குத் தனிச் சந்தையை உருவாக்கிய பெருமை சிவகாசியில் எம். சௌந்தரபாண்டியன் தொடங்கிய 'முத்து காமிக்ஸ்' வெளியீட்டுக்கே உரியது. 1972 சனவரியில் அதன் முதல் இதழாக 'இரும்புக்கை மாயாவி' வெளிவந்தது. இக்கதையின் மூலம் பிரித்தானியாவில் 1962இல் தொடங்கப்பட்ட 'வேலியன்ற்' என்னும் சிறுவர் வார இதழிலே தொடராக வந்தது. கதையை எழுதியவர் கென் பல்மர் என்னும் ஆங்கிலேயர். படங்களை வரைந்தவர் ஜெசூஸ் பிளாஸ்கோ என்னும் ஸ்பானியர். இவ்வாறு ஓர் ஆங்கிலேயர் எழுதி, ஒரு ஸ்பானியர் வரைந்த கதை சிவகாசியிலே தமிழாகி, கடல் கடந்து யாழ்ப்பாணத்துப் பள்ளி மாணவனின் கைக்கு வந்து சேர்ந்தது.

அச்சுத் தொழில் சிவகாசியில் வளர்ந்திருந்தமை தற்செயலன்று. தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் வண்ணச் சுட்டிகள் அச்சிட வேண்டிய தேவை அங்கே அச்சகங்களைப் பெருக்கியது. நாட்காட்டித் தொழிலும் உடன் வளர்ந்தது. படத்தை மலிவாகவும் பெருந்தொகையாகவும் அச்சிடும் வசதி இருந்த இடத்திலேயே தமிழ்ச் சித்திரக்கதை வேர்கொண்டது என்பது நோக்கற்பாலது.

இறக்குமதிக் கட்டுப்பாடும் அதன் விளைவும்

'முத்து காமிக்ஸ்' தோன்றிய காலம் இலங்கைத் தமிழ் வாசகனைப் பொறுத்தவரையில் வாய்ப்பான காலமன்று. 1970இல் ஆட்சிக்கு வந்த ஐக்கிய முன்னணி அரசாங்கம் அந்நியச் செலாவணிப் பற்றாக்குறை காரணமாக இறக்குமதிகளைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியது. தென்னிந்தியச் சஞ்சிகைகளும் இதற்குத் தப்பவில்லை. பொருளாதாரக் காரணத்தோடு இலக்கியக் காரணமும் இங்கே இணைந்திருந்தது. தென்னிந்திய வணிகச் சஞ்சிகைகளின் பெருக்கம் ஈழத்து எழுத்தாளனின் வளர்ச்சிக்குத் தடையாக உள்ளது என்ற கருத்து, தேசிய இலக்கியம் பற்றிய விவாதங்களில் ஏற்கெனவே ஓங்கி ஒலித்திருந்தது.

அக்கருத்தை முற்றாகத் தவறென ஒதுக்கிவிட முடியாது. கட்டுப்பாட்டுக் காலத்திலே வீரகேசரி நிறுவனம் ஈழத்து நாவல்களைத் தொடர்ச்சியாக வெளியிட்டது. உள்ளூர்ச் சஞ்சிகைகள் வாசகரைப் பெற்றன. ஆனால் சித்திரக்கதையைப் பொறுத்தவரை இக்கட்டுப்பாடு வேறொரு விளைவை ஏற்படுத்தியது எனலாம். கிடைத்தற்கரிய பொருளுக்கே சேகரிப்பு மதிப்பு உண்டாகும். வாரந்தோறும் கடையில் தொங்கும் இதழை வாசித்துவிட்டு எறியலாம். எப்போதோ ஒருமுறை, யாரோ ஒருவர் இந்தியாவிலிருந்து கொண்டுவரும் இதழை அவ்வாறு எறிய மனம் வராது. அது கைமாறும், பல வீடுகளுக்குச் செல்லும், முகப்புக் கிழிந்தால் கோதுமைப் பசை பூசி ஒட்டப்படும், முதற் பக்கத்தில் உரியவரின் பெயர் எழுதப்படும், இரண்டு பழைய இதழ்களுக்கு ஒரு புதிய இதழ் என்ற பண்டமாற்றும் நிகழும். சித்திரக்கதைச் சேகரிப்பாளன் என்னும் மனிதனை உருவாக்கியதில் ஆர்வத்துக்கு இருந்த பங்கு பற்றாக்குறைக்கும் உண்டு.

1977இல் ஆட்சி மாறித் திறந்த பொருளாதாரக் கொள்கை வந்தபோது சஞ்சிகைகளின் வரவு மீண்டும் பெருகியது. 1984 யூலையில் தமிழகத்தில் இரு புதிய வெளியீடுகள் ஒரே மாதத்தில் தோன்றின. ஒன்று, சௌந்தரபாண்டியனின் மகன் எஸ். விஜயன் இளவயதிலேயே தொடங்கிய 'லயன் காமிக்ஸ்'. மற்றையது, தினத்தந்தி நிறுவனத்தின் 'ராணி காமிக்ஸ்'. பின்னையது மாதம் இருமுறை வெளிவந்து, 2005இல் நிறுத்தப்படும்வரை 500 இதழ்களைக் கண்டது. தமிழகத்து வாசகர்கள் இக்காலத்தைச் சித்திரக்கதையின் பொற்காலம் என்பர். குடாநாட்டு வாசகனுக்கோ அது 1983 யூலைக்குப் பின்வந்த ஆண்டு. போர் வீட்டு வாயிலுக்கு வந்துவிட்ட ஆண்டு.

சொந்தச் சித்திரக்கதை ஏன் வளரவில்லை?

இவ்விடத்தில் ஒரு வினா எழுதல் இயல்பு. கட்டுப்பாட்டுக் காலத்தில் ஈழத்து நாவல் வளர்ந்ததெனின், ஈழத்துத் தமிழ்ச் சித்திரக்கதை ஏன் அவ்வாறு வளரவில்லை? சிங்கள மொழியில் நிலைமை முற்றிலும் வேறாக இருந்தது. 1951இல் 'லங்காதீப' பத்திரிகையில் ஜி. எஸ். பெர்னாண்டோ வரைந்த 'நீலா' சிங்களச் சித்திரக்கதைக்குத் தொடக்கமாயிற்று. 1970களில் சித்திரக்கதைக்கெனத் தனிப் பத்திரிகைகளே தோன்றிப் பெருவாரியாக விற்பனையாயின. சிங்களக் கிராமமும், நகரமும், காதலும், வீரமும் உள்ளூர் ஓவியர்களின் கையால் வரையப்பட்டன.

தமிழில் ஓவியத் திறன் இல்லாமலில்லை. 'சுந்தர்' என அறியப்பட்ட சி. சிவஞானசுந்தரம் தினகரனில் வரைந்த 'சவாரித் தம்பர்', யாழ்ப்பாணக் கிராமத்து மனிதனை அவனுடைய நடை, உடை, பேச்சு என்பவற்றோடு படத்திற் கொண்டுவந்தது. அவர் தொடங்கிய 'சிரித்திரன்' ஈழத்து நகைச்சுவை இதழ்களுள் தலைசிறந்ததாய் விளங்கியது. ஆயினும் கேலிச்சித்திரம் ஓரிரு சட்டங்களில் முடிவது. சித்திரக்கதையோ நூற்றுக்கணக்கான சட்டங்களைக் கோருவது. அத்தனை படங்களை ஓர் ஓவியன் வரைவதற்கு மாதக்கணக்கில் அவனுக்கு ஊதியம் வேண்டும். ஒவ்வொரு படத்துக்கும் 'புளொக்' செய்து அச்சிட்ட எழுத்தச்சுக் காலத்தில் அச்சுச் செலவும் மிகுதி. இச்செலவை ஈடுசெய்யத்தக்க வாசகர் தொகை சிங்கள மொழிக்கு நாட்டினுள்ளேயே இருந்தது, தமிழுக்கு இருக்கவில்லை. சிவகாசி வெளியீட்டாளர்கள் இச்சிக்கலை வேறு வழியில் கடந்தனர். வரைந்து முடிக்கப்பட்ட அந்நியப் படங்களுக்கான உரிமையைப் பெற்று, மொழிபெயர்ப்புக்கும் எழுத்துக் கோப்புக்கும் மட்டும் செலவிட்டனர். எனவே யாழ்ப்பாணத்துச் சித்திரக்கதை பிறவாமைக்குக் கற்பனை வறுமையைக் காரணமாகக் கூறுதல் பொருந்தாது. மூலதனமும் சந்தையுமே காரணங்கள்.

விமரிசகரும் சித்திரக்கதையும்

சித்திரக்கதை மீதான ஐயப்பாடு தமிழுக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் 1954இல் பிரெடெரிக் வேர்தாம் என்னும் உளமருத்துவர், சித்திரக்கதைகள் சிறுவரைக் குற்றவழிக்கு இட்டுச் செல்கின்றன என வாதிட்டு ஒரு நூலை எழுதினார். பிரித்தானியாவில் 1955இல் இத்தகைய வெளியீடுகளைக் கட்டுப்படுத்தச் சட்டமே இயற்றப்பட்டது. அச்சட்டத்தின் பின்னர் வளர்ந்த ஒழுங்குபட்ட பிரித்தானியச் சிறுவர் இதழ்களிலிருந்தே இரும்புக்கை மாயாவி தமிழுக்கு வந்தான் என்பது சுவையான முரண்.

எமது பெற்றோரும் ஆசிரியரும் எழுப்பிய ஆட்சேபம் இத்துணைக் கோட்பாடு சார்ந்ததன்று. பரீட்சைக்கு உதவாத வாசிப்பு வீண் வாசிப்பு என்பதே அவர்களின் நிலைப்பாடு. கல்வியையே முதலீடாகக் கொண்ட ஒரு சமூகத்தில் இந்நிலைப்பாடு விளங்கத்தக்கதே. ஆனால் அக்கதைகளின் தமிழ் கொச்சையான தமிழன்று. வட்டார வழக்கை நீக்கிய, இரு கரைகளிலும் விளங்கக்கூடிய எளிய உரைநடை அது. எழுத்துக் கூட்டி வாசிக்கும் பருவத்தைத் தாண்டிய சிறுவனைப் பக்கம் பக்கமாகத் தனித்து வாசிக்கும் பழக்கத்துக்கு இட்டுச் சென்றவற்றுள் இக்கதைகளும் அடங்கும். அவற்றில் ஆபிரிக்கரும் செவ்விந்தியரும் காட்டப்பட்ட விதம் குடியேற்றவாத மனப்பாங்கின் எச்சம் என்பதை மறுத்தற்கில்லை. அக்குறையைச் சுட்டுதல் விமரிசகனின் கடன். அதனைச் சுட்டுவதற்கேனும் விமரிசகன் அவற்றை வாசித்திருத்தல் வேண்டும்.

முற்றுகைக் காலமும் இழப்பும்

1981 மே 31ஆந் திகதி இரவு தொடங்கி எரியூட்டப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. 'ஈழநாடு' அலுவலகமும், நகரின் பெயர்பெற்ற பூபாலசிங்கம் புத்தகசாலையும் அந்நாட்களிலேயே எரிக்கப்பட்டன. முன்னது நூல்கள் பேணப்பட்ட இடம். பின்னது நூல்களும் சஞ்சிகைகளும் மக்கள் கைக்குச் சென்ற இடம். பேணும் வழியும் பரப்பும் வழியும் ஒருங்கே தாக்கப்பட்டன.

1990 யூனில் மீண்டும் போர் மூண்டபோது மின்சாரம் நின்றது, யாழ்தேவி நின்றது, பொருளாதாரத் தடை வந்தது. அச்சுத்தாள் இன்மையாற் செய்தித்தாள்கள் கோடிட்ட பயிற்சிப் புத்தகத் தாளில் அச்சிடப்பட்டன. புதிய இதழ்களின் வரவு அற்றுப்போன நிலையில் பழையனவே திரும்பத் திரும்ப வாசிக்கப்பட்டன. மின்சாரம் பாய்ந்தால் உடல் மறைந்து இரும்புக்கை மட்டும் தெரியும் நாயகனின் கதையை, மின்சாரமே இல்லாத ஊரில், ஜாம்போத்தல் விளக்கின் வெளிச்சத்தில் வாசித்த தலைமுறை அது. இரண்டாம் உலகப் போர் பற்றிய கதைகளில் விமானங்கள் குண்டு வீசின; வெளியே உண்மையான விமானங்களும் வீசின. கதையின் நாயகன் எப்படியும் தப்புவான் என்ற உறுதி வாசகனுக்கு இருந்தது. தன்னைப் பற்றி அத்தகைய உறுதி அவனுக்கு இருக்கவில்லை.

தாளின் தட்டுப்பாடு சேகரிப்புகளையும் தாக்கியது. பழைய தாள்கள் கடைகளிற் சரை சுற்றப் பயன்பட்டன. இறுதி அடி 1995 ஒக்ரோபர் 30ஆந் திகதி விழுந்தது. வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் ஓரிரவில் இடம்பெயர்ந்து நாவற்குழிப் பாலத்தைக் கடந்தனர். காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், பரீட்சைப் பெறுபேறு, நகை, அரிசி ஆகியனவே கையில் எடுக்கப்பட்டன. அவ்வேளையில் சித்திரக்கதைப் பெட்டியைத் தூக்கிச் செல்ல விரும்பிய பிள்ளைக்கு எந்தத் தாயும் இசைந்திருக்கமாட்டாள், இசைந்திருக்கவும் கூடாது. 1996இல் மக்கள் திரும்பியபோது பல வீடுகளிற் கூரையே இருக்கவில்லை. பொது நூலகத்தின் இழப்பை எண்ணிக்கையாற் கூற முடிகிறது. வீட்டுப் பெட்டிகளின் இழப்புக்கு எண்ணிக்கை இல்லை. ஏனெனில் அவற்றுக்குப் பதிவேடு இருந்ததில்லை.

செய்யத்தக்கன

2005இல் தொடங்கப்பட்ட நூலகம் எண்ணிம நூலகம் ஈழத்து வெளியீடுகளைப் பேணுவதில் அரும்பணி ஆற்றி வருகிறது. அதன் நோக்கு இயல்பாகவே ஈழத்தவர் எழுதியவற்றின் மீது குவிந்துள்ளது. ஆனால் ஒரு சமூகம் எதனை எழுதியது என்பது எவ்வளவு முக்கியமோ, எதனை வாசித்தது என்பதும் அவ்வளவு முக்கியமானது. எஞ்சியுள்ள பழைய இதழ் ஒவ்வொன்றும் ஓர் ஆவணம். அதன் முதற் பக்கத்தில் அடுத்தடுத்து வெட்டி எழுதப்பட்ட பெயர்கள் அது கைமாறிய வழியைக் கூறும். கடை முத்திரை அது வந்த பாதையைக் கூறும். ஓரத்திற் சிறுவனொருவன் பென்சிலால் வரைந்து பார்த்த படம் அவனது கனவைக் கூறும். இவற்றைத் தேடிப் பதிவுசெய்தலும், அறுபதைக் கடந்த அக்கால வாசகரின் நினைவுகளைக் கேட்டெழுதுதலும் கலைப்பீட மாணவர் ஆகிய எம்மால் இயலும் பணிகள்.

கதைக்கும் இங்கே பஞ்சமில்லை. வல்வெட்டித்துறையிற் கட்டப்பட்ட 'அன்னபூரணி' என்னும் பாய்க்கப்பல் அவ்வூர் மாலுமிகளுடன் சமுத்திரங்களைக் கடந்து 1938இல் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகத்தை அடைந்தது. இதனிலும் சிறந்த கடல்வீரக் கதையை எந்தப் பிரித்தானிய இதழும் வெளியிட்டதில்லை. நெடுந்தீவின் காட்டுக் குதிரைகளும், காரைநகருக்கும் ஊர்காவற்றுறைக்கும் இடையே நீரின் நடுவில் நிற்கும் கடற்கோட்டையும் ஓவியனின் தூரிகைக்காகக் காத்திருக்கின்றன. 2019இல் 'வன்னி' என்னும் தலைப்பில் எமது போரின் கதை ஆங்கிலத்திற் சித்திர நாவலாக வெளிவந்தது. எழுதியவரும் வரைந்தவரும் பிறநாட்டவர். எழுத்தச்சின் செலவு இன்று தடையன்று. வரைவதற்குக் கணினி உண்டு. வாசகர் உலகெங்கும் பரந்துள்ளனர். 1970களில் எமது சித்திரக்கதையைத் தடுத்த காரணங்களுட் பெரும்பாலானவை நீங்கிவிட்ட நிலையில், இனியும் அது பிறவாதொழியின் அதற்கான காரணத்தை நாம் வேறெங்கும் தேட வேண்டியதில்லை.